தொடைக் கவசம் ஒன்று சொல்லான கதை

இரும்புடை பூண்டு போருக்குப் போன குதிரை வீரர்களின் தொடையை மூடிய தகட்டுக்கு ஸ்பானிய மொழியில் 'கிஹோத்தே' என்று பெயர். லா மாஞ்சா என்னும் வறண்ட சமவெளியில், ஐம்பதை நெருங்கிய ஓர் ஏழைப் பிரபு அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். குதிரைக்கு ரோஸினாந்தே என்று பெயர் வைக்க நான்கு நாள் யோசித்தவர், தன் பெயருக்கு எட்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரிலிருந்து கிளைத்ததுதான் 'குவிக்ஸாட்டிக்' என்ற ஆங்கிலப் பெயரடை. 'நடைமுறைக்கு ஒத்துவராத' என்று சிறிய அகராதிகள் பொருள் சொல்லும். அதை மட்டும் நம்பிப் பயன்படுத்தினால் பல இடங்களில் பிசகும்.

இந்தப் பிரபுவை ஒரு நாவலின் நாயகனாகப் படைத்த மிகெல் தெ செர்வாந்தெஸ் வீரசாகசத்தை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். 1571இல் லெபாந்தோ கடற்போரில் குண்டடிபட்டு அவருடைய இடக்கை செயலிழந்தது. 1575இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸில் ஐந்தாண்டுகள் அடிமையாகக் கிடந்தார். மீட்புப் பணம் கட்டப்பட்டுத் திரும்பியவருக்குக் கிடைத்தது கடற்படைக்குத் தானியம் திரட்டும் வேலையும் வரி வசூலும்தான். கணக்கு வழக்கில் சிக்கல் வந்து 1597இல் செவில் நகரச் சிறைக்கும் போனார். நாவலின் முதல் பாகம் 1605இல் மாட்ரிட் நகரில் வெளிவந்தபோது அவருக்கு வயது 57.

இரவுபகலாக வீரக்கதைகளைப் படித்துப் புத்தி பேதலித்த பிரபு, கொள்ளுத்தாத்தாவின் துருப்பிடித்த கவசத்தைத் தேடி எடுக்கிறார். தலைக்கவசத்தில் முகமூடிப் பகுதி இல்லை. அட்டையில் ஒன்று செய்து, வாளால் வெட்டிச் சோதிக்கிறார்; ஒரு வார உழைப்பு ஒரே வெட்டில் சிதறுகிறது. மறுபடி செய்து உள்ளே இரும்புப் பட்டை கொடுக்கிறார். இம்முறை சோதிக்கவில்லை, அருமையான கவசம் என்று முடிவுகட்டிக்கொள்கிறார். அவர் காற்றாலைகளோடு மோதும், உலகம் அறிந்த காட்சியைவிட இதுவே அந்தச் சொல்லுக்குச் சரியான விளக்கம். யதார்த்தம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒருமுறை தெரிந்துகொண்டார், இனி கேட்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார்.

இந்த வேடிக்கைக்கு விலை கொடுப்பது அவர் மட்டும் அல்ல. எஜமானனிடம் சவுக்கடி படும் அந்த்ரேஸ் என்ற சிறுவனை அவர் 'காப்பாற்றுகிறார்': பையனுக்குச் சேரவேண்டிய கூலியைக் கொடுப்பதாக எஜமானனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு பெருமையோடு போய்விடுகிறார். அவர் தலை மறைந்ததும் எஜமானன் முன்னைவிட மோசமாக அடிக்கிறான். பின்னால் எதிர்ப்படும் சிறுவன், இனி என்னைத் துண்டு துண்டாக வெட்டினாலும் உதவிக்கு வராதீர்கள் என்ற பொருளில் சபித்துவிட்டுப் போகிறான். நல்லெண்ணம் உண்மையானது, கெடுதலும் உண்மையானது. சொல்லின் உள்ளே இரண்டுமே இருக்கின்றன.

கப்பலேறிய பெயர் இங்கிலாந்தில் அச்சானது 1612இல், தாமஸ் ஷெல்டனின் மொழிபெயர்ப்பில். செர்வாந்தெஸ் காலத்து ஸ்பானியத்தில் 'எக்ஸ்' எழுத்துக்கு ஏறக்குறைய 'ஷ' ஒலி. பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு இன்றும் 'கிஷோத்' என்கிறார்கள். ஸ்பெயினிலோ அது தொண்டையில் உரசும் 'ஹ' ஒலியாக மாறியது. 19ஆம் நூற்றாண்டில் எழுத்தையும் மாற்றி 'ஜே' போட்டார்கள். ஆங்கிலேயர் பழைய எழுத்தை வைத்துக்கொண்டு தங்கள் வழக்கப்படி வாசித்தார்கள். அதனால்தான், ஆளை இன்று ஸ்பானிய ஒலியை ஒட்டிக் 'கிஹோட்டி' என்று சொன்னாலும், அவர் பெயரில் பிறந்த பெயரடையை, நடு அசைக்கு அழுத்தம் கொடுத்து, 'குவிக்ஸாட்டிக்' என்கிறோம்.

ஒலியோடு பொருளும் நிறம் மாறியது. முதல் தலைமுறை வாசகர்களுக்கு அவர் கோமாளி. 18ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஃபீல்டிங் தன் 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நாவலை (1742) செர்வாந்தெஸின் பாணியில் எழுதியதாகத் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்தார். அதில் வரும் ஆடம்ஸ் பாதிரியார் ஊரெல்லாம் ஏமாறுகிறவர், ஆனால் அவரை ஏமாற்றுகிறவர்கள்தான் நம் கண்ணில் சிறுத்துப்போகிறார்கள். சார்லட் லெனாக்ஸ் 1752இல் 'பெண் குவிக்ஸோட்' ஒருத்தியை எழுதினார். சிரித்த வாசகர்கள் மெல்லப் பிரபுவின் பக்கம் சாய்ந்தார்கள். தனியொரு மனிதரின் பெயர் ஒரு மனப்போக்கின் பெயராகி, ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தொடங்கும் சாதாரணச் சொல்லாகவும் ஆனது.

பயன்பாட்டுக்கு வருவோம். கடன் தீர லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆனால் குவிக்ஸாட்டிக் அல்ல, அதில் லட்சியம் இல்லை. பண பலமும் கட்சியும் இல்லாமல், ஊழலை ஒழிப்பேன் என்று அமைச்சரை எதிர்த்துச் சுயேச்சையாக நிற்கிறவரின் பிரசாரம் குவிக்ஸாட்டிக். 'யுட்டோப்பியன்' என்பது கனவு காணப்படும் உலகத்தைக் குறிக்கும். 'குவிக்ஸாட்டிக்' அந்த உலகத்தை நோக்கிக் கிளம்பிவிட்டவரின் செயலைக் குறிக்கும். ஆகவே முயற்சி, தேடல், திட்டம் போன்ற சொற்களின் முன்னால் இது இயல்பாக அமரும். உயர்ந்த நோக்கம், வெல்ல வழியில்லாத நிலை ஆகிய இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத் தேடுவது நல்லது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இது பெரும்பாலும் வெளியில் நின்று பார்ப்பவர் வாயிலிருந்து வரும் சொல். எது நடக்கும், எது நடக்காது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். எனவே சொன்னவர் யார் என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. நிதி கேட்டு அனுப்பிய திட்டத்தின் ஓரத்தில் அதிகாரி இதை எழுதினால், பணம் வராது என்று அர்த்தம். அஞ்சலிக் கட்டுரையில் நண்பர் எழுதினால், அது மரியாதை.