தலை புதுசு, இடுப்பு பழசு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நான் பெரும்பாலும் எனாமல் தூக்கும் பழைய ரவிவர்மா படமும் பார்க்கத்தான் போவேன். போன வருஷம் ஒரு கடை வாசலில் நீளமான இரும்புப் பாளம் ஒன்று கிடந்தது. "காரோட தலை தம்பி" என்றார் கடைக்காரர். ஆறு சிலிண்டர் செவர்லே இன்ஜினின் ஹெட். அதைப் பார்த்ததும் கானாடுகாத்தானில் இருக்கும் நண்பனுக்கு போன் போட்டேன்.

அவன் ஐயா வாங்கிய 1947 ஃப்ளீட்மாஸ்டர் பின்கட்டில் நிற்கிறது. தங்கை கல்யாணத்துக்குள் அதை ஓட வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஹெட்டில் விரிசல். கடையில் கிடந்ததோ 1954க்குப் பிந்தையது. "புதுசுன்னா நல்லதுதானடா, இழுவையும் கூடும்" என்றான்.

இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. மறு வருஷமே செவர்லே ஆறு சிலிண்டருக்கு மாறியது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது செட்டிநாட்டுக் குடும்பங்கள் வயலையும் கடையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தன. அதன் பிறகும் ஒரு கார் வாங்கியது வெறும் பகட்டு இல்லை, 'நாங்க இன்னும் இருக்கோம்' என்று ஊருக்குச் சொன்ன சேதி. ஆனால் சுதந்திர இந்தியா இறக்குமதியை இறுக்கியது. 1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே பூட்டுவதையும் நிறுத்திவிட்டது. அதன்பின் உதிரிபாகம் என்பது இன்னொரு செத்த வண்டிதான். ஆக, ஒன்றின் தலையை இன்னொன்றில் வைப்பது நம் ஊரில் வேகத்துக்காகப் பிறந்த பழக்கம் இல்லை. வேறு வழியில்லாமல் வந்தது.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் போனோம். போல்ட் ஓட்டையும் தண்ணீர் வழியும் ஒத்துவருகிறதா என்று பழைய கேஸ்கட்டை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்: "பொருந்துமாங்கிறது ஒரு கேள்வி. தாங்குமாங்கிறது வேற கேள்வி."

கணக்கு இதுதான். அந்த இன்ஜின் சுமார் 3.5 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 590 சி.சி. அழுத்த விகிதம் 6.5 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 107 சி.சி. 1954 இன்ஜினைப் போல 7.5 வேண்டுமென்றால் 91 சி.சி.தான் இருக்கலாம். வித்தியாசம் 16 சி.சி., அதாவது மூன்று டீஸ்பூன். அந்த மூன்று டீஸ்பூன் குறைந்தால் வெடிப்பின் அடி கூடும். அந்த அடி பிஸ்டன் வழியாக கனெக்டிங் ராடில், ராடின் அடியில் இருக்கும் பேரிங்கில் போய் இறங்கும்.

பழைய செவர்லேயின் பலவீனமே அங்கேதான். அதன் ராடு பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு போகாது. ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்ன மூக்கு இருக்கும், அது தொட்டியில் இருக்கும் ஆயிலைத் தட்டி எடுத்துக்கொள்ளும். பேரிங்கும் ராடிலேயே உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டல். நிதான ஓட்டத்துக்கு அது போதும். 1953இல் தானியங்கி கியர் வண்டிகளிலும், 1954இல் எல்லாக் கார்களிலும் முழு அழுத்த ஆயிலும், கழற்றி மாட்டும் பேரிங்கும், அலுமினிய பிஸ்டனும் வந்தன. அதாவது புது ஹெட்டின் அழுத்தத்தைச் சுமக்க அவர்கள் இடுப்பையும் சேர்த்தே மாற்றினார்கள். நாமோ தலையை மட்டும் தூக்கி வந்திருந்தோம்.

"அப்ப முடியாதா?" என்று கேட்டான் நண்பன்.

"முடியும். பிஸ்டன் மேல களிமண் வச்சு ஹெட்டை மாட்டி ஒரு சுத்து சுத்துவேன். நசுங்கின களிமண்ணு எவ்வளவு இடம் மிஞ்சுதுன்னு சொல்லிடும். மாட்டியும் தந்துடுவேன். ஆனா பொண்ணை ஏத்திக்கிட்டு விரட்டாதீங்க. மெட்டல் உருகினா சத்தம் முதல்ல உங்க ஐயாவுக்குத்தான் கேக்கும்."

நண்பன் சிரிக்கவில்லை. ஐயா போய் முப்பது வருஷம் ஆகிறது.

கடைசியில் பழைய ஹெட்டின் விரிசலைத் தைத்து, லேத்துப் பட்டறையில் முகத்தை லேசாகச் சீவி, அதையே மாட்டினோம். கல்யாணத்தன்று கோவிலில் இருந்து வீடு வரை ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி வந்தது. வாசலில் நின்ற ஆச்சி பெண்ணைப் பார்ப்பதற்கு முன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் புதுத் தலை அவன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. யாராவது விலைக்குக் கேட்டால் அவன் முதலில் கேட்பது, "உங்க இன்ஜின் எந்த வருஷம்?"