ஒரு ஹாக்கி அட்டை 15 மில்லியன் ரிங்கிட், இன்னொன்று சில சென்: விலையைத் தீர்மானிப்பது எது?

2021 மே மாதம் ஓர் அட்டை 3.75 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. அன்றைய மாற்று விகிதத்தில் 15 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

அதில் இருப்பவர் கனடா ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி. ஆமாம், ஐஸ் ஹாக்கி. பண்டமாரான் அரங்கில் நாம் பார்க்கும் திடல் ஹாக்கி இல்லை. ஆனாலும் இந்தக் கதை நமக்கும் தேவைப்படுகிறது. போக்கிமோன் கார்டு, கால்பந்து கார்டு எதுவாக இருந்தாலும் விலை ஏறுவதும் இறங்குவதும் கிட்டத்தட்ட இதே விதிகளின்படிதான். பகுதி நேர வேலையில் சேர்த்த காசை "இது முதலீடு" என்று நம்பி கார்டில் போடுகிற இளையோர் கிள்ளானிலும் இருக்கிறார்கள்.

ஏன் கிரெட்ஸ்கி? ஏன் அந்த ஓர் அட்டை?

அது அவருடைய 'ரூக்கி' அட்டை. அதாவது, ஒரு வீரர் பெரிய லீக்கில் நுழையும் காலத்தில் வெளிவரும் முதல் அட்டை. 1979-80 பருவத்தில் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியுடன் என்எச்எல் லீக்குக்குள் வந்தபோது கிரெட்ஸ்கிக்கு வயது 18. அதன் பிறகு 20 பருவங்களில் அவர் சேர்த்த 2,857 புள்ளிகளை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அவருடைய 894 கோல் சாதனையை மட்டும் 2025 ஏப்ரலில் ரஷ்யாவின் அலெக்ஸ் ஒவெச்கின் முறியடித்தார்.

சேகரிப்பவர்களுக்கு முதல் அட்டைதான் முக்கியம். அதே வீரருக்கு அடுத்த வருடம் வந்த அட்டை பார்க்க இன்னும் அழகாக இருக்கலாம். ஆனால் விலையில் பக்கத்தில்கூட வராது. "யாருக்கும் தெரியாத காலத்திலேயே இவர் படம் அச்சாகிவிட்டது" என்பதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

சரி, அந்த அட்டை உலகத்திலேயே ஒன்றுதானா? இல்லை. அன்றைக்குச் சின்னப் பசங்க சூயிங்கம்மோடு வாங்கிய சாதாரண பாக்கெட்டில்தான் அது வந்தது. ஆயிரக்கணக்கில் இன்னும் இருக்கிறது. அபூர்வம் என்பது அட்டையில் இல்லை, அதன் நிலையில்தான் இருக்கிறது.

கனடாவில் இதை வெளியிட்ட நிறுவனம் ஓ-பீ-சீ. அந்தக் காலத்தில் அவர்கள் அட்டைத் தாள்களைக் கம்பியால் அறுத்தார்கள். அதனால் ஓரங்கள் பிசிறு பிசிறாக இருக்கும். படமும் பல நேரம் நடுவில் உட்காராது. இந்த அட்டைக்கோ நீல நிற விளிம்பு. நகம் பட்டாலும் வெள்ளையாகத் தெரியும். அதே படத்தை அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனம் சுத்தமாக வெட்டி வெளியிட்டது. ஆனால் சந்தையில் மதிப்பு அதிகம் கனடா அட்டைக்குத்தான்.

இப்படிப் பிறக்கும்போதே அடிபட்ட அட்டைகளில் குறையே இல்லாமல் ஒன்று தப்பிப்பது எவ்வளவு கஷ்டம்? அட்டைகளைத் தரம் பிரிக்கும் பிஎஸ்ஏ நிறுவனத்திடம் 10க்கு 10 வாங்கியவை, அந்த 2021 விற்பனை நடந்தபோது உலகத்திலேயே இரண்டுதான். 2016ல் 10 தர அட்டை ஒன்று 465,000 டாலருக்குப் போனது. 2020 டிசம்பரில் 1.29 மில்லியன். ஒரு மில்லியன் டாலரைத் தாண்டிய முதல் ஹாக்கி அட்டை அதுதான். அதே அட்டைதான் ஆறே மாதத்துக்குள் 3.75 மில்லியனைத் தொட்டது. 9 வாங்கிய அட்டைக்கு இதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல நம்மில் பலரால் முடியாது.

தரம் பார்ப்பவர்கள் நான்கு விஷயங்களைக் கவனிக்கிறார்கள்: படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூர்மையாக உள்ளனவா, ஓரங்கள் சுத்தமா, மேற்பரப்பில் கீறல் உண்டா. பிறகு மதிப்பெண்ணோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள்.

இந்த மதிப்பெண்ணை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 1991ல் கிரெட்ஸ்கியே, தன் அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலுடன் சேர்ந்து ஓர் அட்டை வாங்கினார். ஹானஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் வீரரின் சிகரெட் அட்டை. விலை 451,000 டாலர். பிஎஸ்ஏ தரம் பிரித்த முதல் அட்டை என்ற பெயரும் அதற்கு உண்டு. கிடைத்தது 8 மதிப்பெண். கைமாறிக் கைமாறி 2007ல் 2.8 மில்லியன் டாலர் வரை போனது.

2013ல் அமெரிக்க நீதிமன்றத்தில் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த வாக்னர் அட்டையின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்ததையும் அப்போது ஒப்புக்கொண்டார். பொதுவாக ஓரம் வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆக, இந்தத் துறையின் மிகப் பிரபலமான 8 அந்த அட்டைக்குக் கிடைத்திருக்கவே கூடாது.

பழசு என்றால் விலை உண்டா?

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில், பெரும்பாலும் இல்லை. 1990-91 பருவத்தில் மட்டும் ஓ-பீ-சீ, டாப்ஸ், அப்பர் டெக், ப்ரோ செட், ஸ்கோர் என ஐந்து நிறுவனங்கள் ஹாக்கி அட்டைகளை அச்சடித்துத் தள்ளின. "பின்னாளில் விலை ஏறும்" என்று எல்லாரும் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். எல்லாரும் வைத்ததால் யாருக்கும் தேவைப்படவில்லை. முப்பது வருடம் தாண்டியும் அவற்றில் பெரும்பாலானவை சில சென்தான் பெறும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நிறுவனங்கள் செயற்கையாக அபூர்வத்தை உருவாக்கத் தொடங்கின. எண்ணிட்ட அட்டைகள் வந்தன. சிட்னி கிராஸ்பியின் 2005-06 'தி கப்' ரூக்கி அட்டை 99 மட்டுமே. அதில் அவர் கையெழுத்தும் சீருடைத் துணியின் ஒரு துண்டும் உண்டு. ஆனால் எண் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. பெயர் கேள்விப்படாத ஒரு வீரருக்கு 99 அட்டைதான் அடித்தார்கள் என்றால், அதைத் தேடி வரும் 100வது ஆள் வேண்டுமே!

பிரிக்காத பாக்கெட்டுக்கு விலை கொடுப்பது இன்னொரு விசித்திரம். கனடாவின் ரெஜைனா நகரத்தில் ஒரு வீட்டில் 1979-80 ஓ-பீ-சீ அட்டைகள், பிரிக்கவே பிரிக்காத முழுப் பெட்டியாகக் கிடைத்தன. உள்ளே 16 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பாக்கெட். 2024 பிப்ரவரியில் 3.72 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. உள்ளே கிரெட்ஸ்கி அட்டை எத்தனை, எந்த நிலையில் என்று யாரும் பார்த்ததில்லை. பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் அந்த விலை போய்விடும்.

நம் ஹாக்கி வீரர்களுக்கு ஏன் அட்டை இல்லை?

வட அமெரிக்காவில் இந்த அட்டைகள் முதலில் சிகரெட் பெட்டிக்குள்ளும் பிறகு சூயிங்கம் பாக்கெட்டுக்குள்ளும் வந்த இலவசங்கள். திடல் ஹாக்கிக்கு அப்படி ஒரு வியாபாரம் அமையவே இல்லை. 1975 உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. அரையிறுதியில் மலேசியா கூடுதல் நேரம் வரை போராடி 3-2 என்று இந்தியாவிடம் தோற்றது. இறுதியில் தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த கோலால் இந்தியா 2-1 என்று பாகிஸ்தானை வென்றது. நம் அணிக்கு நான்காவது இடம். அந்தப் போட்டிக்கு இங்கே அஞ்சல் தலை வெளியானது. அட்டைகள் வந்திருந்தால் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வீட்டு அலமாரிகளில் இன்றும் சில கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

வாங்குவதற்கு முன்

இணையத்தில் விற்பவர் போடும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. ஏலத் தளங்களில் 'விற்றவை' என்ற பகுதியைப் பாருங்கள். பிஎஸ்ஏ பெட்டியில் இருக்கும் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். எண் சரியாக இருந்தாலும் பெட்டியே போலியாக இருக்கலாம். ஆகவே தளத்தில் உள்ள படத்தோடு கையில் வந்த அட்டையின் மூலைகளையும் ஓரங்களையும் ஒப்பிடுங்கள்.

விலை மேலேயே போகும் என்ற எண்ணமும் வேண்டாம். கோவிட் காலத்தில் அட்டை மோகம் உச்சத்துக்குப் போனது. குவிந்த வேலையைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ தன் மலிவுக் கட்டணச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த உச்ச விலையில் வாங்கிய பலர் 2022ல் பாதி விலைக்கும் விற்கத் தடுமாறினார்கள்.

நம்ம ஊர் ஈரக்காற்றும் அட்டைக்கு எதிரிதான். மின்னும் பூச்சு உள்ள கார்டுகள் சீக்கிரம் வளைந்துவிடும். மெல்லிய உறை, அதன் மேல் கெட்டிப் பிளாஸ்டிக் உறை, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், இவ்வளவு போதும். ஜன்னல் வெயில் படக்கூடாது.

கடையில் அல்லது வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பணம் அனுப்பிய பிறகு அது மோசடி என்று தெரிந்தால், தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.