வெப்பம் அளந்த கம்பி

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்க்கிறாள். நெற்றி கைக்கு எட்டுவதால் அது இயலுகிறது. கை புகாத, கண்ணும் எட்டாத இடத்தில் வெப்பம் மூண்டால் அதனை அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஒரு பொறியறிஞர் கண்ட விடையையும், அவ்விடையை மறந்து நானும் என் மாணவர்களும் செய்த பிழையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1860ஆம் ஆண்டு இரங்கூனையும் சிங்கப்பூரையும் தந்தியால் இணைப்பதற்கென இங்கிலாந்தில் நீண்டதொரு கடலடி வடம் செய்யப்பட்டது. நடுவே செப்புக் கம்பி. மின்சாரம் கசியாதிருக்க அதன்மேல் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை. அதற்கும் மேலே நாரும் இரும்புக் கம்பிகளும். கப்பலின் அடித்தளத்தில் அவ்வடத்தைச் சுருள்மேல் சுருளாக அடுக்கினார்கள். ஈரம்பட்ட இரும்பு துருப்பிடிக்கும்போது வெப்பம் பிறக்கும். தனிக் கம்பியாயின் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும்; குவியலின் நடுவிலோ அது வெளியேற வழியில்லை. வெப்பம் ஏறினால் கட்டாபெர்ச்சா இளகும். இளகினால் நடுக்கம்பி இடம் பெயர்ந்து வடமே பாழாகும். வெளியே தொட்டுப் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

வடத்தின் மின் நலத்தைக் கவனித்தவர்களுள் ஒருவர் வில்லியம் சீமென்ஸ். உலோகம் சூடேறினால் அதில் மின்சாரம் பாய்வது குறைகிறது என்பதை ஹம்ப்ரி டேவி 1821ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். இன்றைய அளவில் சொன்னால், 20 டிகிரி சென்டிகிரேடில் 100 ஓம் தடையுள்ள செப்புக் கம்பிச் சுருள், 30 டிகிரியில் ஏறத்தாழ 104 ஓம் தடை காட்டும். பிறருக்கு இது ஒரு தொல்லை; சீமென்ஸுக்கோ இதுவே கருவி. தடை மாறுமாயின், தடையை அளந்தே வெப்பநிலையைச் சொல்லலாம் அல்லவா? அவர் செப்புக் கம்பிச் சுருள்களைச் செய்து வட அடுக்குகளின் இடையிலேயே வைத்தார். அவற்றின் நுனிகளை வெளியே கொண்டுவந்து, அங்கிருந்தபடியே தடையை அளந்தார். உள்ளே வெப்பம் மூண்டிருப்பதைச் சுருள்கள் தெரிவித்தன. வடம் காப்பாற்றப்பட்டது. முடிவில் அது இரங்கூனுக்குச் செல்லவில்லை. 1861இல் மால்ட்டாவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே இடப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு செய்தியை உள்ளத்தில் இருத்துங்கள். சீமென்ஸ் தம் சுருளைக் கப்பலின் சுவரில் தொங்கவிடவில்லை. வெப்பம் பிறக்கும் இடத்திலேயே வைத்தார்.

1871இல் இலண்டன் அரசக் கழகத்தில் அவர் இம்முறையை விளக்கி விரிவுரை ஆற்றினார். உலைகளின் கடும் வெப்பத்தை அளக்கச் செம்புக்குப் பதிலாகப் பிளாட்டினக் கம்பியைக் கையாண்டார். ஆயின் 1874இல் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் குழு அதனை ஆராய்ந்தபோது, உலையில் காய்ந்த கம்பியின் தடை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று கண்டது. நேற்று ஒன்றும் இன்று வேறொன்றும் சொல்லும் கருவியை யார் நம்புவார்? முறை கைவிடப்படும் நிலை வந்தது.

அதனை மீட்டவர் ஹியூ காலெண்டர் என்னும் இளைஞர். கேம்பிரிட்ஜில் பழைய இலக்கியங்களையும் கணிதத்தையும் பயின்று, பின்னர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் அவர். குற்றம் பிளாட்டினத்துடையது அன்று; அதைச் சூழ்ந்த பொருள்களின் மாசும், கம்பிக்கு நேரும் இழுவிசையுமே காரணம் என்று தெளிந்தார். தூய கம்பியை இறுக்கமின்றிச் சுற்றி, மாசு படாமல் காத்து, 1887இல் அதன் நம்பகத்தை நிலைநாட்டினார். தக்க இடத்தில் இருத்தலும், சொன்னதையே சொல்லும் உறுதியும் ஆகிய இவ்விரண்டும் இருந்தாலன்றி ஒரு கருவி கருவியாகாது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறும் ஈய அமில பாட்டரி ஒன்று இருந்தது. ஊரார் உவந்து அளித்த பணத்தில் வாங்கியது அது. இத்தகைய பாட்டரி சூடேறியபின்னும் அதே அழுத்தத்தில் மின்னேற்றம் செய்தால் உள்ளே பாயும் மின்னோட்டம் மிகும். மின்னோட்டம் மிகுந்தால் சூடு மேலும் மிகும். ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழல் பாட்டரியை அழித்துவிடும். ஆகவே அதன் வெப்பநிலையைக் காட்டும் கருவியொன்றை எங்கள் கையாலேயே செய்ய முனைந்தோம்.

அதற்குத் தெர்மிஸ்டர் என்னும் மணியளவான பொருளை வாங்கினோம். உலோகத்துக்கு மாறாக, சூடேறினால் இதன் தடை குறையும். இப்பண்பை 1833இல் வெள்ளி சல்பைடில் முதன்முதலாகக் கண்டு எழுதிவைத்தவர் மைக்கேல் பாரடே. எங்கள் தெர்மிஸ்டரின் தடை 25 டிகிரியில் 10000 ஓம். 50 டிகிரியில் சுமார் 3600 ஓம். அதனோடு 10000 ஓம் தடை ஒன்றைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தோம். தெர்மிஸ்டரின் குறுக்கே 25 டிகிரியில் 2.5 வோல்ட் கிடைத்தது. 50 டிகிரியில் ஏறத்தாழ 1.3 வோல்ட். உருகும் பனிக்கட்டியிலும் வெந்நீரிலும் அமிழ்த்தி, பாதரச வெப்பமானியோடு ஒப்பிட்டு அளவு குறித்தோம். காலெண்டர் வற்புறுத்திய உறுதி எங்கள் கருவியில் இருந்தது. நான் பெருமிதம் கொண்டேன்.

ஒரு கோடைப் பிற்பகலில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறைக்கு ஓடி வந்தாள். "ஐயா, பாட்டரி கை வைக்க முடியாதபடி சுடுகிறது, கருவியோ 36 டிகிரி என்றே காட்டுகிறது" என்றாள். சென்று பார்த்தேன். பாட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. மின்னேற்றத்தை நிறுத்தினோம், எனினும் அது பயன்படாமற் போயிற்று.

பிழை எங்கே? கம்பி நீளம் போதாமையால் தெர்மிஸ்டரைப் பாட்டரிப் பெட்டியின் மரச்சுவரில் ஒட்டியிருந்தோம். அது பொய் சொல்லவில்லை. மரச்சுவரின் வெப்பத்தை உண்மையாகவே சொன்னது. நாங்கள்தாம் அதைப் பாட்டரியின் வெப்பம் என்று எண்ணிக்கொண்டோம். அளவு குறித்ததைச் சரிபார்த்த நான், இடத்தைச் சரிபார்க்கவில்லை. குற்றம் மாணவருடையது அன்று, என்னுடையது.

புதிய பாட்டரி வாங்க ஓராண்டு ஆயிற்று. இம்முறை செப்பு வளையம் ஒன்றில் தெர்மிஸ்டரைப் பதித்து, மின்கசிவு நேராதவாறு பசையிட்டு மூடி, பாட்டரியின் முனையோடு சேர்த்து முடுக்கினோம். முனை உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளோடு இணைந்தது. ஆதலால் அகத்தின் வெப்பம் அதன் வழியே வெளிவருகிறது. காற்று படாதிருக்க மேலே பஞ்சுறை இட்டோம். பின்பு அந்த மாணவியையே அழைத்துப் பாட்டரியின்மேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் கையும் கருவியும் ஒன்றுபட்ட பிறகே மின்னேற்றம் தொடங்கியது.

மாணவர்களே, இன்று நீங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் தொலைபேசியின் பாட்டரியையும் இத்தகைய ஒரு சிறு உணரி காத்து நிற்கிறது. நீங்களும் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். செய்து முடித்ததும் அது காட்டும் எண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன், "இந்த எண் எந்த இடத்தின் எண்?" என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.