ஸ்வயம் வழிப் பாடத்தேர்வு

ஸ்வயம் என்பது இந்திய அரசின் இணையவழிப் பாடத்தளம். 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. காணொளி விரிவுரை, வாசிப்புப் பாடம், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளில் இதன் பாடங்கள் அமைகின்றன. பொறியியல் பாடங்களை, ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் வழங்குகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இத்தளத்தில் படிக்க இடமளித்தன. 2021இல் இவ்வரம்பு 40 ஆனது. தம் கல்லூரியில் ஆசிரியர் இல்லாத பாடத்தையும் மாணவர் எடுக்கலாம் என்பதே இதன் பெரும்பயன். சிறுநகரக் கல்லூரிகளுக்கு இது சிறிய செய்தியன்று. ஆயினும் தேர்வுரிமையின் உண்மையான அளவைத் தீர்மானிப்பது தளமன்று, பல்கலைக்கழகமே. எந்தப் பாடத்துக்கு மதிப்பலகு தருவது என்பதைக் கல்விக்குழு முடிவு செய்கிறது. பட்டியல் சுருங்கினால் தேர்வும் சுருங்கும். பாடங்களை எவரும் இலவசமாகப் படிக்கலாமே என்பர். படிக்கலாம்; ஆனால் கட்டணம் செலுத்தி, மையத்தில் நேரில் தேர்வெழுதிப் பெறும் சான்றிதழும் நிறுவனம் ஏற்றால்தான் பட்டத்தில் சேரும். தரத்தைக் காக்க இக்கட்டுப்பாடு தேவை என்பது நியாயமே. அதற்குப் பருவத் தொடக்கத்திலேயே விரிவான பட்டியலை அறிவிப்பது தடையாகாது.