மொழியின் பெயரால் ஒரு படவிழா: செருமானியத் திரைப்படமும் தமிழும்

முன்னுரை

ஊர்தோறும் சென்று காட்டப்பெறும் திரைப்பட விழாக்கள் பெரும்பாலும் நாட்டின் பெயரால் வழங்குவன. சில விழாக்களோ மொழியின் பெயரைத் தாங்கி வருகின்றன. இக்காலச் செருமானிய மொழிப் படவிழா அத்தகையது. செருமனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் எடுக்கப்பெற்ற படங்கள், அரசு வேறாயினும் மொழி ஒன்று என்னும் உறவால் ஒரே விழாவில் இடம்பெறுகின்றன. 2009-இல் கான் விழாவின் முதற்பரிசைப் பெற்ற ‘வெள்ளை நாடா’ என்னும் படத்தின் இயக்குநர் ஹானெக்கே ஆஸ்திரியர். படத்தின் கதை நிகழும் இடமோ வட செருமனியின் ஒரு சிற்றூர். இத்தகைய படத்தை நாட்டெல்லை கொண்டு பகுத்தல் எளிதன்று.

அங்ஙனமாயின், மொழியின் பெயரால் வரும் விழாவில் அம்மொழி நம் காதுக்கும் கருத்துக்கும் எட்டுகின்றதா என்னும் வினா எழும். செருமானியத் திரைப்படம் நம் நாட்டோடு கொண்ட தொடர்பின் வரலாற்றை நோக்கி இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேசாப்படக் காலம்

செருமானியர்க்கும் இந்தியர்க்கும் திரைப்படத் துறையில் ஏற்பட்ட கூட்டுறவு பேசாப்படக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. வங்காளத்தைச் சேர்ந்த இமான்சு ராயும் மியூனிக் நகரத்து இயக்குநர் பிரான்சு ஆஸ்டனும் இணைந்து ‘ஆசிய சோதி’ (1925), ‘சிராசு’ (1928), ‘பகடை வீச்சு’ (1929) என்னும் மூன்று படங்களை ஆக்கினர். புத்தர் பெருமானின் வரலாறும், தாசுமகால் எழுந்த கதையும், பாரதச் சூதின் சாயல் பெற்ற கதையும் முறையே அவற்றின் பொருளாயின.

இம்மூன்றிலும் மொழிச்சிக்கல் எழவில்லை. உரையாடல் ஒலிக்காத படத்தில் இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகளை மாற்றிவிட்டால் படம் எந்நாட்டினர்க்கும் உரியதாகிவிடும். தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதையை உரக்க விளக்குவோரும் அக்காலத்தில் இருந்தனர். ஆகவே எழுதப் படிக்கத் தெரியாதவரும் அயல்நாட்டுப் படத்தைத் தம் தாய்மொழியிலேயே கேட்டுத் துய்த்தனர். படம் பேசாதிருந்த காலத்தில் அதற்குத் தமிழ் நா ஒன்று வாய்த்திருந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

பேசும் படமும் மொழியெல்லையும்

படம் பேசத் தொடங்கிய பின்னரே அதற்கு மொழியெல்லை ஏற்பட்டது. அவ்வெல்லையைத் தாண்டும் வழி அறியாது தொடக்கத்தில் எல்லா நாட்டினரும் இடர்ப்பட்டனர். 1930-இல் வெளிவந்த ‘நீலத் தேவதை’ என்னும் புகழ்பெற்ற படம், செருமானியத்தில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையுமாக, அதே நடிகரைக் கொண்டு ஒரே காலத்தில் எடுக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு, 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகியாகிய டி. பி. இராசலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினார். இருவகை முயற்சிக்கும் காரணம் ஒன்றே. படத்திற்கு எந்த மொழி உரியது என்பது அன்று இன்னும் உறுதிப்படவில்லை.

‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பெற்றது என்பதும் கருதத்தக்கது. தொடக்ககாலத் தமிழ்ப் பேசும் படங்கள் பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் உருவாயின. அவற்றைத் தமிழ்ப்படங்கள் ஆக்கியது மொழியேயன்றி நிலம் அன்று.

1934-இல் இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தன. இமான்சு ராய் பம்பாய் டாக்கீசு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்டனும் ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்சிங்கும் அங்குப் பணியாற்றினர். ‘அச்சூத் கன்யா’ (1936) முதலிய இந்திப் படங்கள் இந்தி பேசாத செருமானியரின் இயக்கத்தில் உருவாயின. 1939-இல் போர் மூண்டபோது அவர்கள் ஆங்கில அரசால் காவலில் வைக்கப்பெற்றனர். அத்தோடு அக்கூட்டுறவு முறிந்தது.

அதே 1934-இல் தமிழ்ப்படம் சென்னைக்குத் திரும்பியது. அடையாற்றுப் பகுதியில் மீனாட்சி சினிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையத்தில் கே. சுப்பிரமணியம் ‘பவளக்கொடி’யை இயக்கினார். எம். கே. தியாகராச பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் அதன்வழியே திரைக்கு அறிமுகமாயினர். கதிரவன் ஒளியில் திறந்த வெளியில் படம் பிடித்தமையால் காக்கைகளின் கரைதல் ஒலிப்பதிவிற்கு இடையூறாயிற்று என்றும், அவற்றை ஓட்டுவதற்கென்றே ஓர் ஆள் அமர்த்தப்பெற்றார் என்றும் திரைப்பட வரலாற்றாசிரியர் ராண்டார் கை எழுதியுள்ளார். நகைச்சுவையாகத் தோன்றினும் இச்செய்தி ஓர் உண்மையைக் காட்டுகின்றது. சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்னும் கவலை படத்தின் முதற் கவலையாகிவிட்டது.

அந்நிலையம் பின்னர் நெப்டியூன் என்றும் அதன்பின் சத்யா என்றும் பெயர் பெற்றது. அவ்விடம் இன்று ராஜா அண்ணாமலைபுரத்தில் துர்க்காபாய் தேசுமுக் சாலையில் எம்.ஜி.ஆர். சானகி மகளிர் கல்லூரியாக விளங்குகின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய வள்ளலின் பெயர் தாங்கிய பகுதியில், தமிழ் பேசும் படம் வளர்ந்த இடம் கல்விக்கூடமாகியிருப்பது பொருத்தமுடைத்து.

ஊர்சுற்றிய படவிழாக்கள்

அயல்மொழிப் படங்கள் திரளாக நம் நகரத்திற்கு வந்தது 1952-இல் ஆகும். அவ்வாண்டு சனவரி 24-இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா ஓரூரில் நின்றுவிடாது சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. ஏறத்தாழ 40 நெடும்படங்களும் 100 குறும்படங்களும் அவ்விழாவில் இடம்பெற்றன.

அதன்பின் செருமனியில் திரைப்படம் புதுப்பிறவி எய்தியது. 1962 பிப்ரவரி 28-இல் ஓபர்ஹவுசன் நகரில் 26 இளங்கலைஞர்கள் பழைய திரைப்படம் இறந்துவிட்டது என்று அறிக்கை விடுத்தனர். குளூகே, ஷ்லோண்டோர்ப் ஆகியோரின் முதல் நெடும்படங்கள் 1966-இல் வெளிவந்தன. பாஸ்பிண்டர், ஹெர்சாக், வெண்டர்சு முதலியோர் தொடர்ந்து தோன்றினர். இவர்களுடைய படங்களை உலகெங்கும் கொண்டுசென்றோருள் 1951-இல் தொடங்கிய கதே நிறுவனம் முதன்மையானது. கவிஞர் ஒருவரின் பெயர் தாங்கிய அந்நிறுவனம் செருமானிய மொழியைக் கற்பிப்பதையே முதற்பணியாகக் கொண்டது. இந்தியாவில் அது மாக்சு முல்லர் பவன் எனப்படும். சென்னையிலும் அதன் கிளை உண்டு.

2025 பிப்ரவரியில் வெண்டர்சு தம் படங்களோடு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பம்பாய், திருவனந்தபுரம், கல்கத்தா, தில்லி, புனே ஆகிய ஐந்து நகரங்களில் அவை காட்டப்பெற்றன. சென்னை அவ்வரிசையில் இல்லை. 1952-இல் வழியிலிருந்த நகரம் 2025-இல் வழியில் இல்லாமற்போனது. எனினும் இங்கு வாராமற்போன விழாவினும், இங்கு வரும் விழாக்களில் நாம் எய்தாதுபோவது யாது என்பதே ஆராய்தற்குரியது.

பெயர்ப்பில் மறைவன

இவ்விழாக்களில் செருமானியப் படங்கள் பொதுவாக ஆங்கில அடிவரிகளோடு காட்டப்பெறுகின்றன. படம் பேசுவது செருமானியம். திரையின் அடியில் நாம் படிப்பது ஆங்கிலம். உள்ளத்தில் உணர்வது தமிழ். இம்மூன்றனுள் நடுவில் நிற்பது எதனை மறைக்கின்றது என்பதை மூன்று படப்பெயர்களால் விளக்கலாம்.

முதலாவது, பாஸ்பிண்டரின் 1974-ஆம் ஆண்டுப் படம். மியூனிக் நகரில் கூலிவேலை செய்யும் மொராக்கோ நாட்டவன் ஒருவனும், வயது முதிர்ந்த செருமானியப் பெண் ஒருத்தியும் மணந்துகொள்வது அதன் கதை. ‘ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலெ அவுஃப்’ என்னும் செருமானியப் பெயர் இலக்கணப்படி பிழையுடையது. ஒருமை எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்று அதில் இல்லை. அப்பிழை, குடிபெயர்ந்து வந்தவனின் நாவில் பிறந்த மொழி. ஆங்கிலத்தில் வழங்கும் பெயரோ அதனைத் திருத்திப் பிழையற்ற தொடராக்கிவிட்டது. தமிழில் ‘அச்சம் உயிரைத் தின்கின்றன’ என்று பெயர்த்தால் அப்பிழை அப்படியே நிற்கும். ஒன்றன்பால் எழுவாய் பலவின்பால் முடிபு கொண்டமையின் இது பால்வழு. காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவினை வழுவமைதி என்று வகுத்த நம் இலக்கண மரபு, அப்பெயரின் உயிர்நிலையை எளிதில் உணர்த்தவல்லது.

இரண்டாவது, வெண்டர்சின் 1987-ஆம் ஆண்டுப் படம். பெர்லின் மதில் நின்ற நாளில் அந்நகரின் மீது உலவும் வானவர் இருவரைப் பற்றியது. அதன் செருமானியப் பெயரில் வரும் ‘ஹிம்மெல்’ என்னும் சொல் ஆகாயத்தையும் துறக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் அவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. அம்மொழியில் படத்திற்கு முற்றிலும் வேறு பெயர் இடப்பெற்றது. தமிழிலோ ‘வான்’ என்னும் ஒரு சொல் இரண்டனையும் தரும். வானவர், வானோர், வானுலகு என்னும் வழக்குகளே சான்று. ‘பெர்லின் மேல் வான்’ என்றால் பொருள் குறையாது.

மூன்றாவது, குளூகேயின் 1966-ஆம் ஆண்டுப் படம். ‘நேற்றைக்கு விடைகொடுத்தல்’ என்பது அதன் செருமானியப் பெயரின் நேர்ப்பொருள். நாசிகளின் கொடிய காலத்தை ஒரு நாடு உண்மையிலேயே கடந்துவிட்டதா என்று வினவும் பெயர் அது. ஆங்கிலப் பெயர் அவ்வினாவை விட்டு, கதைத்தலைவியை மட்டும் சுட்டுகின்றது.

பெயரளவில் மட்டுமன்றி உரையாடலிலும் இந்நிலை உண்டு. செருமானியத்தில் முன்னிலை ஒருமைக்கு ‘டு’, ‘ஸீ’ என இரு சொற்கள் உள. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல. அன்பும் அகல்வும் இச்சொல் மாற்றத்தில் வெளிப்படும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருத்தலின் அடிவரியில் அது புலனாவதில்லை. எட்கர் ரைட்சின் ‘ஹைமாட்’ (1984) என்னும் தொடர்ப்படத்தில் ஒலிக்கும் ஊன்ஸ்ரூக் வட்டார வழக்கும் அவ்வாறே மறைகின்றது. ‘16 வயதினிலே’ (1977) அயல்நாட்டில் காட்டப்பெறும்போது அதன் சிற்றூர்ப் பேச்சு எங்ஙனம் மறையுமோ, அங்ஙனமே இதுவும்.

மொழிவழித் தொகுப்பு

மொழியின் பெயரால் படங்களைத் தொகுக்கும் முறை நமக்கும் ஒரு பாடம் கற்பிக்கின்றது. தமிழ்த் திரைப்படம் என்றவுடன் கோடம்பாக்கத்தையே நாம் கருதுகின்றோம். ஆனால் இலங்கையில் 1962-இல் ‘சமுதாயம்’ தோன்றியது. சிங்களவராகிய தர்மசேன பத்திராசா 1977-இல் ‘பொன்மணி’யைத் தமிழில் இயக்கினார். 2015-இல் கான் விழாவின் முதற்பரிசு பெற்ற பிரெஞ்சு நாட்டுப் படமாகிய ‘தீபன்’ பெரும்பகுதி தமிழில் பேசுவது. அதன் தலைமை நடிகர் சோபாசக்தி என்னும் ஈழத்து எழுத்தாளர். மொழிவழிப் பகுத்தால் இவை யாவும் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அடங்கும். நாட்டுவழிப் பகுத்தால் எவ்வரலாற்றிலும் உரிய இடம் பெறாது ஒழியும்.

முடிவுரை

தமிழும் செருமானியமும் புதியனவாக உறவு கொள்வன அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். கார்ல் கிரால் 1856-இல் திருக்குறளைச் செருமானியத்தில் பெயர்த்தார். அவர்கட்கு ஆங்கிலத்தின் இடையீடு வேண்டியிருக்கவில்லை. இக்காலத்தும் ஏ. வி. தனுஷ்கோடி காப்காவின் ‘விசாரணை’யைச் செருமானியத்திலிருந்து நேரே தமிழாக்கியுள்ளார். நூலில் இயன்றது திரையில் இயலாது என்பதற்குக் காரணம் இல்லை.

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுதலின் எழுவாயைப் பல இடங்களில் விட்டுவிடலாம். அடிவரியின் சுருக்கத்திற்கு அது பெருந்துணை. சொற்கள் நீளுதல் ஓர் இடர். பழகினால் அது நீங்கும். செருமானியம் கற்றோரும் தமிழ்த்துறையினரும் கூடி, விழாவிற்கு வரும் படங்களுள் ஆண்டிற்கு ஒன்றிரண்டிற்கேனும் தமிழ் அடிவரி அமைக்கலாம். முதுகலை மாணவர்க்கு இதனினும் சிறந்த மொழிபெயர்ப்புப் பயிற்சி அரிது. பேசாப்படக் காலத்துக் கொட்டகையில் திரையருகே நின்று தமிழில் விளக்கிய அப்பெயர் தெரியாதவரின் பணியை மீண்டும் ஏற்பது நம் துறையின் கடனாகும்.