தங்கப் பதக்கமும் ராத்திரி வாத்தியாரும்: 1873, மெட்ராஸ் ஓவியக் கண்காட்சி

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்றைக்கு ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓவியரான ஒரு நேயர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். வட்டார அளவிலான ஒரு கண்காட்சிக்கு இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். 'தங்கள் படைப்பு தேர்வாகவில்லை' என்று ஒரே வரியில் பதில். காரணம் எதுவும் இல்லை. அவர் கேட்டது இதுதான்: "நடுவர் குழு என்கிற இந்த ஏற்பாடு நம்ம ஊருக்கு எப்போ வந்துச்சு? அவங்க சொன்னா அது கலை, சொல்லலைன்னா இல்லையா?"

கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருந்தார். ஆனால் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் 1873-ஆம் வருஷத்து மெட்ராஸில் போய் நிற்போம்.

அந்த வருஷம் மெட்ராஸில் ஒரு நுண்கலைக் கண்காட்சி நடந்தது. திருவிதாங்கூரிலிருந்து 25 வயசு இளைஞர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். தலையில் பூச்சரம் சூடிக்கொள்ளும் ஒரு நாயர் பெண். அந்தப் படத்துக்கு கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது கவர்னராக இருந்தவர் ஹோபார்ட் பிரபு. இளைஞர் யார் என்று சொல்லத் தேவையில்லை, ரவி வர்மா.

இந்தக் கதையை நாம் பெரும்பாலும் ஒரு மேதை தன் திறமையால் ஜெயித்த கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள், யாரெல்லாம் காணாமல் போனார்கள் என்று பார்த்தால்தான் நேயரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

கொஞ்சம் பின்னால் போவோம். ரவி வர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். அவருடைய முதல் ஆசிரியர் தாய்மாமா ராஜ ராஜ வர்மா. அந்த மாமாவுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அழகிரி நாயுடு, மதுரைக்காரர். ஆக அந்தக் குடும்பத்துக்குள் ஓவியம் வந்த வழியில் ஏற்கெனவே ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு இருக்கிறது.

14 வயதில் மாமா பையனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போகிறார். மகாராஜா ஆயில்யம் திருநாள் அரண்மனையில் இடம் கொடுக்கிறார். அங்கே அரண்மனை ஓவியராக இருந்தவர் ராமசாமி நாயுடு. நாயக்கர் என்றும் சில நூல்களில் வரும். அவருக்கு எண்ணெய் வண்ண வித்தை தெரியும். அன்றைக்கு அது சாதாரண விஷயமில்லை. எந்த நிறத்தோடு எதைக் கலப்பது, எவ்வளவு எண்ணெய் விடுவது, முதல் பூச்சு எத்தனை நாள் காய வேண்டும் என்பதையெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாத காலம். தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

ராமசாமி நாயுடு சொல்லவில்லை. மறுத்துவிட்டார்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், மகாராஜாவின் உருவப்படம் வரைய வருகிறார். அவரும் சொல்லித்தரத் தயாராக இல்லை. மகாராஜாவின் தயவால், அவர் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைக்கிறது.

இப்போதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். ஆறுமுகம் பிள்ளை. ராமசாமி நாயுடுவிடம் தொழில் பழகியவர். குருவுக்குத் தெரியாமல், ராத்திரி நேரத்தில் ரவி வர்மாவிடம் வந்து வண்ணம் கலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. குருவுக்குத் தெரிந்தால் இவர் பிழைப்பு என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. ரவி வர்மா அரச குடும்ப உறவினர், அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆறுமுகம் பிள்ளை கூலிக்கு வேலை செய்யும் உதவியாளர்.

பதக்கம் வாங்கியவரின் பெயர் காலண்டர் வரை போயிற்று. ராத்திரி வந்து சொல்லிக்கொடுத்தவரின் பெயர் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

சரி, இனி கண்காட்சிக்கு வருவோம். மெட்ராஸில் அதற்கு முன்னாலும் கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. 1855-இல் பெரிய அளவில் ஒன்று நடந்தது. ஆனால் அது மூலப்பொருள், கலை, உற்பத்திப் பொருள் எல்லாம் சேர்ந்த கண்காட்சி. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியும் இதே மனநிலையில் உருவானதுதான். நம்ம ஊர் ஆட்களுக்குக் கைத்திறன் இருக்கிறது, அதை மெருகேற்றினால் நல்ல பொருள் செய்வார்கள் என்ற எண்ணம்.

'நுண்கலை' என்று தனியாகப் பிரித்து நடத்திய கண்காட்சிகள் வேறு ரகம். ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பொழுதுபோக்காக வரைந்த நிலக்காட்சிகளும் நீர்வண்ணப் படங்களும் நிறைய இடம்பிடித்த கூடங்கள் அவை. புரவலர் கவர்னர். எது நல்ல படம் என்ற அளவுகோல் ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளிலிருந்து வந்தது: எண்ணெய் வண்ணம், உடற்கூறு, தோல் மேல் விழும் வெளிச்சம், தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தங்கத் தகடு ஒட்டிக் கண்ணாடிக்கல் பதித்த ஒரு தஞ்சாவூர்ப் படம் தோற்றுப் போவதற்கு முன்னால், போட்டிக்குள்ளேயே வராது. அது 'கைவினை' என்ற வேறு பெட்டிக்குள் போய்விடும்.

என்னைக் கேட்டால் நடுவர் குழுவின் உண்மையான அதிகாரம் பரிசு கொடுப்பதில் இல்லை. எது போட்டிக்கே தகுதியானது என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறதே, அதில் இருக்கிறது.

ரவி வர்மா அந்த வாசலுக்குள் நுழைந்தார். அவர்கள் மொழியிலேயே, அவர்களில் பலரைவிட நன்றாகப் பேசினார். பேசிய விஷயம் மட்டும் இங்கே உள்ளது: நம்ம ஊர்ப் பெண், நம்ம ஊர் நகை, நம்ம ஊர்ப் பூ.

அதன் பிறகு கதவுகள் வரிசையாகத் திறக்கின்றன. அந்த நாயர் பெண் படத்துக்கு வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு. 1874-இல் மெட்ராஸில் மறுபடி ஒரு பரிசு. இந்த முறை 'சரபத்' என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம். வேல்ஸ் இளவரசர் 1875-இல் இந்தியா வந்தபோது அந்தப் படம் அவருக்கு அன்பளிப்பாகப் போயிற்று. 1876-இல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. அதை அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனே வாங்கிக்கொண்டார். 1878-இல் கவர்னரின் முழு உருவப்படத்தை வரையும் வேலையும் ரவி வர்மாவுக்கே வந்தது.

ஆனால் அந்த இரண்டு பெண்களையும் கவனியுங்கள். ஒருத்தி 'நாயர் பெண்', இன்னொருத்தி 'தமிழ்ப் பெண்'. மாடலாக உட்கார்ந்தவர்களின் பெயர் தலைப்பில் கிடையாது. நடுவர்கள் பார்த்தது ஒரு மனுஷியையா, ஒரு 'வகை'யையா? 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மா 10 படங்கள் அனுப்பினார். பெரும்பாலும் இந்தியாவின் பல பகுதிப் பெண்கள். அங்கேயும் பரிசு கிடைத்தது. பாராட்டியதில் முக்கியமான பங்கு, உடைகளையும் பழக்கவழக்கங்களையும் சரியாகக் காட்டியதற்கு. கலைக்குக் கொடுத்த பரிசு பாதி, ஆவணத்துக்குக் கொடுத்த பரிசு பாதி.

அடுத்த தலைமுறையில் அளவுகோல் தலைகீழாகிறது. மெட்ராஸ் கலைப் பள்ளியின் தலைவராக இருந்து, பிறகு கல்கத்தா போன ஈ. பி. ஹேவல், இந்திய ஓவியன் ஐரோப்பியப் பாணியைப் பின்பற்றக் கூடாது என்று வாதாடினார். ஆனந்த குமாரசாமி, சகோதரி நிவேதிதா போன்றவர்களும் ரவி வர்மாவைக் கடுமையாக விமர்சித்தார்கள். எந்தத் திறமைக்காக மெட்ராஸில் தங்கம் கிடைத்ததோ, அதே திறமை கல்கத்தாவில் குற்றமானது. படம் மாறவில்லை. நடுவர் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் யாரும் நியமிக்காத மூன்றாவது நடுவர் குழு ஒன்று இருந்தது. 1894-இல் பம்பாயில் ரவி வர்மா அச்சகம் தொடங்கினார். அங்கிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படங்களாக வெளியே வந்தார்கள். மளிகைக் கடையிலும் பூஜை அறையிலும் ஆணி அடித்து மாட்டினார்கள் ஜனங்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாத வீடுகளுக்குள்ளும் சாமி காகிதத்தில் வந்து சேர்ந்தது. இந்த நடுவர்கள் சான்றிதழ் கொடுக்கவில்லை, ஊதுபத்தி ஏற்றினார்கள்.

மெட்ராஸ் கதை அங்கே முடியவில்லை. 1944-இல் கே. சி. எஸ். பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கித் தாங்களே கண்காட்சி நடத்தினார்கள். 1966-இல் சோழமண்டலம். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று அந்தக் காசில் ஓவியர்கள் தங்கள் வாழ்க்கையை நடத்தினார்கள். எனக்கு அதில் ஒரு அழகான முரண் தெரிகிறது. 'நுண்கலை'யிலிருந்து பிரித்துத் தள்ளப்பட்ட 'கைவினை'தான், ஒரு நூற்றாண்டு கழித்து நவீன ஓவியனுக்குச் சோறு போட்டது.

இப்போது நேயருக்கு என் பதில். நடுவர் குழு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கிளிமானூர்ப் பையனின் படம் வியன்னா வரை போனதற்கு அந்தப் பதக்கமும் ஒரு காரணம். சுவரில் இடம் குறைவு, யாராவது தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் தருவது அந்தக் காலத்தின், அந்தக் கூடத்தின் தீர்ப்பு. அதை வாங்கிக்கொள்ளலாம், அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டியதில்லை. காரணம் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள், அது உங்கள் உரிமை. அடுத்த வருஷம் மறுபடி அனுப்புங்கள்.

அடுத்த முறை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பக்கம் போனால், அங்கே இருக்கும் ரவி வர்மா படங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தத் தோலின் மினுமினுப்பைப் பாருங்கள். அதில் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுத்தது எங்கேயோ இருக்கிறது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.