ஸ்காட் துரை குறளும் ராமச்சந்திரன் வரைபடமும்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துல இருக்கு எங்க பாலவனத்தம். ஊர்ப் பக்கம் ஒரு கதை ரொம்பப் பிரசித்தம். ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பிச்சவர், அவரைப் பத்தினது. ஸ்காட்னு ஒரு வெள்ளைக்காரர், திருக்குறள்ல எதுகை மோனை சரியில்லைன்னு தானே 'திருத்தி' அச்சடிச்சாராம். தேவர் அத்தனை பிரதியையும் காசு கொடுத்து வாங்கிக் கொளுத்திட்டாராம். தப்பான பாடம் ஜனங்க கைக்குப் போயிடக் கூடாதே!

புத்தகத்தைக் கொளுத்தலாம். தப்பான படத்தை என்ன செய்யறது?

நொதிகளோட படத்தைச் சொல்றேன். என்சைம்னா எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல நாம வரைஞ்சது பூட்டும் சாவியும். 1894ல் எமில் ஃபிஷர் சொன்ன உவமை அது. சாவி நுழையும்போது பூட்டும் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும்னு 1958ல் கோஷ்லாண்ட் திருத்தினார். ரெண்டும் உவமைதான். நிஜ நொதியோட முப்பரிமாண வடிவம் முதல்ல தெரிஞ்சது 1965ல்தான். லண்டன்ல டேவிட் பிலிப்ஸ் குழு லைசோசைமோட அமைப்பை எக்ஸ் கதிர் மூலமா கண்டுபிடிச்சது. 129 அமினோ அமிலங்கள், மடிஞ்சு சுருண்ட ஒரே சங்கிலி, நடுவுல ஒரு பிளவு.

ஆனா எக்ஸ் கதிர் போட்டோ மாதிரி நேரடியா படம் தராது. அதுல கிடைக்கிறது எலக்ட்ரான்கள் எங்கே அடர்த்தியா இருக்குங்கிற மங்கலான மேகம். அதுக்குள்ள அணுக்களை மனுஷன்தான் பொருத்தணும். தப்பு நுழையறது அந்த இடத்துலதான். அதைப் பிடிக்கிற கருவி சென்னையில பிறந்தது. அதுவும் ஒரு குற்றச்சாட்டுல இருந்து.

சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் கொலாஜனுக்கு மூணு இழைன்னு சொன்னாங்க. தோல், தசைநாண் எல்லாத்துலயும் இருக்கிற புரதம் அது. இவங்க மாதிரியில சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிக்குதுன்னு ரிச்சும் கிரிக்கும் ஆட்சேபிச்சாங்க. கிரிக் யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. மூணு இழைங்கிற அடிப்படை நிலைச்சிடுச்சு. உள் விவரத்துல எதிர்த்தரப்பு பக்கமும் நியாயம் இருந்தது.

ராமச்சந்திரன் பதிலுக்குச் சண்டை போடலை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்னு அதுவரை தெரிஞ்ச படிகங்கள்ல தேடினார். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே சாதாரணமா 3.2 ஆங்ஸ்ட்ராம், ரொம்ப நெருக்கினா 3.0. இந்த எல்லைகளை வச்சு சசிசேகரன், ராமகிருஷ்ணன் ரெண்டு பேரோட சேர்ந்து, புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் எந்தெந்தக் கோணத்துல திரும்பலாம்னு மேசைக் கால்குலேட்டரை வச்சே கணக்குப் போட்டார். ஃபை, சை-னு ரெண்டு கோணம். ரெண்டையும் ஒரு கட்டத்துல குறிச்சா பெரும்பகுதி காலி. அங்கே போனா அணுக்கள் இடிச்சுக்கும். 1963ல் வந்த இந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம்.

கர்த்தா அமெரிக்கா போய், பெல்லோ, ஹார்க்கரோட சேர்ந்து 1967ல் ரைபோநியூக்ளியேஸ் நொதியோட அமைப்பைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு உலகப் புரதத் தரவு வங்கியில ஒரு அமைப்பைச் சேர்த்தா, அதோட சோதனை அறிக்கையில எத்தனை கண்ணி கட்டத்துக்கு வெளியே விழுதுன்னு ஒரு கணக்கு வரும். நான் எழுதற நிரலுக்கு டெஸ்ட் ஓட்டற மாதிரிதான். என்ன, இந்த டெஸ்டை எழுதி அறுபது வருஷம் தாண்டியாச்சு, இன்னும் பாஸ், ஃபெயில் சொல்லிட்டிருக்கு :-)

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. வெளியே விழற புள்ளி எல்லாமே தப்பு இல்லை. கொழுப்பைச் செரிக்கிற லைபேஸ் மாதிரி சில நொதிகள்ல, வேலையைச் செய்யற முக்கியமான செரின் கண்ணியே விறைப்பா, 'கூடாத' கோணத்துல நிக்கும். அது பிழைன்னு நேராக்கி வரைஞ்சா, எதுகை மோனைக்காகக் குறளைத் திருத்தின ஸ்காட் துரை கதைதான்.

அதனால அந்த வரைபடம் எதையும் கொளுத்தச் சொல்றதில்லை. 'இந்த இடத்தை இன்னொரு தடவை பாரு'ன்னு மட்டும் சொல்லுது. தேவருக்குக் கோபம் வந்ததுல நியாயம் இருக்கு. ராமச்சந்திரனுக்கும் கோபம் வந்திருக்கலாம். அவர் ஒரு அளவுகோல் செஞ்சு வச்சிட்டுப் போனார்.